புகைபோக்கியின் உள்குழாய்: பட்டையும் கண்ணையும் காக்கும் வழி

ஆரணி நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் பல உண்டு. முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் சமையல், கொல்லையில் வெந்நீர் அடுப்பு அல்லது சாய அடுப்பு என்பது பழைய அமைப்பு. சமையலுக்கு எரிவாயு வந்துவிட்ட வீடுகளிலும் வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், பட்டு நூலைக் கொதிக்க வைக்கவும் விறகு அடுப்பு தேவைப்படுகிறது. அடுப்பு இருக்கும் இடத்தில் புகை இருக்கும். புகை வெளியேற வேண்டிய வழியோ பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுப்பைத் தினமும் மெழுகுகிறோம். தறியைத் தினமும் துடைக்கிறோம். கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கியை மட்டும் கட்டிய நாளில் பார்த்ததோடு சரி. அதன் உட்புறம் என்ன ஆயிற்று என்பது, சுவரில் பழுப்பு நீர் வடியும்போதோ, அடுப்பு மூட்டியதும் புகை முகத்தில் அடிக்கும்போதோதான் தெரிகிறது. அதற்குள் நஷ்டம் தொடங்கிவிடும். நூலில் கறை, சரிகையில் கருமை, வீட்டுப் பெண்களுக்குக் கண் எரிச்சலும் இருமலும் என்று அந்த நஷ்டம் பல வழியில் வரும்.

புகைபோக்கியின் உயிர்நாடி அதன் உள்குழாய். அதைப் பற்றித் தெரிந்துகொண்டு, மாதம் ஒரு முறை அரை மணி நேரம் செலவிட்டால் இந்த நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

உள்குழாய் என்பது எது?

வெளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி என்பது ஒரு செங்கல் தூண், அல்லது சுவரை ஒட்டி நிற்கும் ஒரு குழாய். புகை உண்மையில் தொட்டுக்கொண்டு போகும் உட்பரப்பே உள்குழாய் ஆகும். பழைய வீடுகளில் செங்கல் கூண்டின் உட்புறம் மண் பூசி விட்டிருப்பார்கள். அந்தப் பூச்சே அங்கு உள்குழாய். பிறகு வந்த வீடுகளில் சுட்ட களிமண் குழாய், கல்நார் சிமெண்டுக் குழாய், இரும்புத் தகட்டுக் குழாய் ஆகியவை வைக்கப்பட்டன. நெல் ஆலைகளின் உயரமான புகைபோக்கிகளில் சூடு தாங்கும் செங்கல்லை உள்வரிசையாக அடுக்குவதும் இதே நோக்கத்தில்தான்.

உள்குழாய்க்கு நான்கு வேலைகள் உண்டு. வெளிச்சுவருக்குச் சூடு ஏறாமல் தடுப்பது ஒன்று. புகையிலுள்ள அமில நீரும் தாரும் செங்கல்லை அரிக்காமல் காப்பது இரண்டு. வழவழப்பாக இருந்து புகை தங்காமல் போகச் செய்வது மூன்று. வெடிப்பு, இடைவெளி இல்லாமல் நின்று, நச்சு வாயு அறைக்குள் கசியாமல் பார்த்துக்கொள்வது நான்காவது. இந்த நான்கில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும்.

புகை ஏன் மேலே போகிறது?

சூடான காற்று எடை குறைந்தது. குழாய்க்குள் இருக்கும் சூடான புகையை வெளியிலிருக்கும் கனமான காற்று அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. இதையே இழுப்பு என்று கொத்தனார்கள் சொல்வார்கள். இந்த இழுப்பு மிகப் பலமானது என்று நினைப்பது தவறு. 10 அடி உயரமுள்ள குழாயில் புகையின் சராசரிச் சூடு 150 டிகிரி சென்டிகிரேடும், வெளிக்காற்று 30 டிகிரியும் இருந்தால், கிடைக்கும் இழுப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குத்தான் சமம். ஒரு தட்டில் நகத்தளவு உயரத்துக்குக்கூட நிற்காத நீர் அது.

அவ்வளவு சிறிய விசையைக் கெடுக்க அதிகம் தேவையில்லை. இணைப்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து புகையை ஆறச் செய்துவிடும். அதே குழாயில் புகையின் சூடு 60 டிகிரிக்கு இறங்கினால் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அடுப்பு சரியாக எரியவில்லை என்று ஊதுகுழலை எடுப்பதற்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கரி படிவதும் இதே கதைதான். 4 அங்குலக் குழாயின் உட்புறம் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் மீதமிருப்பது 3 அங்குல வழி. அங்குலக் கணக்கில் கால்பங்கு போனதாகத் தோன்றும். பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி வழி அடைபட்டிருக்கும். மேலும் கரியின் சொரசொரப்பு புகையைப் பிடித்து நிறுத்தும்.

குழாய்க்குள் படிவது என்ன?

நன்கு காய்ந்த விறகு, போதிய காற்றுடன் எரிந்தால் லேசான உதிரிக் கரிதான் படியும். தட்டினால் உதிர்ந்துவிடும். ஈர விறகு எரியும்போது நிலைமை வேறு. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அடுப்பின் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. எரியாத வாயுக்களும் நீராவியும் குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் பட்டுக் கருநிறத் தாராகப் படிகின்றன. இது முதலில் பிசுபிசுப்பாகவும், பிறகு கண்ணாடிபோல் பளபளப்பாகவும் இறுகும். இறுகிய தாரைத் தூரிகையால் எடுக்க முடியாது. அது தீப்பிடிக்கும் பொருளும் ஆகும்.

ஆரணிப் பகுதியில் விறகு தவிர மணிலாத் தொலியும் நெல் உமியும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றை எரிப்பதில் தவறில்லை. ஆனால் உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். இந்தச் சாம்பலும் தொலிச் சாம்பலும் லேசானவை. இழுப்போடு பறந்து போய்க் குழாயின் வளைவிலும் அடிப்பகுதியிலும் குவியும். உமி, தொலி எரிக்கும் அடுப்புகளில் குழாயின் அடியை வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம்.

பிளாஸ்டிக் பை, பழைய பி.வி.சி. குழாய், வர்ணம் பூசிய பலகை ஆகியவற்றை அடுப்பில் போடவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிடும். சாயப் பட்டறைகளில் ஹைட்ரோஸ் வந்த பையையும் டின்னையும் அடுப்பில் எறிவது மிகவும் ஆபத்தானது. அதிலிருந்து கந்தக வாயு கிளம்பும். அது மூச்சையும் அடைக்கும், குழாயையும் கெடுக்கும்.

பட்டுக்கு வரும் கேடு

பட்டு நூலைச் சாயத்துக்கு முன் சோப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்குகிறார்கள். கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை இந்தப் பசைதான். பசை நீங்கிய நூல் மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. அதே நேரத்தில் அதன் மேல் இருந்த காப்பும் போய்விடுகிறது. அந்த நிலையில் ஈர நூல் மேல் படியும் புகைக்கரி எளிதில் விடாது. வெளிர் நிறங்களில் இது உடனே தெரியும். அடர்ந்த நிறங்களில் சாயம் ஏறிய பிறகு திட்டுத் திட்டாகத் தெரியும்.

சரிகையின் நிலை இன்னும் நுட்பமானது. அசல் சரிகையில் பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டு, அதன் மேல் பொன் முலாம் ஏற்றப்பட்டிருக்கும். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. கந்தகம் கலந்த புகை நாள்தோறும் பட்டால், மெல்லிய முலாமைத் தாண்டி வெள்ளி கறுக்கத் தொடங்கும். பல நாள் உழைத்து நெய்த சேலையில் ஒரு கறை கண்டாலும் கூலியில் பிடித்தம் வரும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்குப் பெயர் தருவதே நிறமும் பளபளப்பும்தான். அது கொல்லைப்புறக் குழாயின் வெடிப்பு வழியே போய்விடக் கூடாது.

உடலுக்கு வரும் கேடு

பட்டைத் துவைக்கலாம். நுரையீரலைத் துவைக்க முடியாது. விறகுப் புகையில் உள்ள நுண்துகள்களில் பெரும்பாலானவை தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இராதவை. மூக்கின் முடியும் சளியும் இவற்றைத் தடுப்பதில்லை. அடுப்புப் புகை முதலான வீட்டுக் காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் அளந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சமைப்பவர் மட்டுமன்றி அதே வீட்டில் மற்ற வேலை செய்பவர்களும் புகையால் பாதிக்கப்படுவது தெரிந்தது. நாள் முழுதும் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும், ராட்டையில் நூல் சுற்றும் முதியவருக்கும் இது பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியும் புகையைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை, பிராணவாயுவைப் போல் 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்புடன் இது பிடித்துக்கொள்ளும். குழாயில் மைனா கூடு கட்டியிருந்தாலோ, வளைவு அடைபட்டிருந்தாலோ, தணல் மட்டும் இருக்கும் நேரத்தில்கூட இந்த வாயு அறையில் சேரும். அடுப்படியில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், பித்தம் என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மயக்கம் இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாடு கற்ற பாடம்

புகையில்லா அடுப்பு நமக்குப் புதியதல்ல. வார்தா மகன்வாடியில் உருவான மகன் அடுப்பும், ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு அமைத்த அடுப்பும் பலருக்குத் தெரிந்தவை. ராஜுவின் புகையில்லாச் சமையலறை பற்றிய நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. 1983 டிசம்பரில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடு முழுதும் விரிவாக்கியது. 2002-இல் அது முடியும் வரை ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குக் கல்நார் சிமெண்டுக் குழாய்களே புகைபோக்கியாக வைக்கப்பட்டன.

அடுப்புகள் கட்டப்பட்டன, ஆனால் பல வீடுகளில் நிலைக்கவில்லை. ஒடிசா கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை கவனித்து நடந்த ஒரு பெரிய ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. குழாயுடன் கூடிய அடுப்பு வந்த முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காக உபயோகிக்காததும், பழுது பார்க்காததுமே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். கட்டுவதற்குப் பணம் கொடுக்கலாம். பராமரிப்பை வீட்டார்தான் செய்துகொள்ள வேண்டும் என்பது இதன் பாடம்.

குழாய் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சமையல் அடுப்புக்கு 4 அங்குலக் குழாய் போதுமானது. பெரிய சாய அடுப்புக்கு 6 அங்குலம் வேண்டியிருக்கும். 6 அங்குலக் குழாயின் பரப்பு 4 அங்குலக் குழாயைப் போல் இரண்டேகால் மடங்கு. அளவுக்கு மீறிப் பெரிய குழாயும் நல்லதல்ல. புகை மெதுவாகப் போய், ஆறித் தாராகப் படியும்.

குழாய் நேராக இருக்க வேண்டும். வளைவு தவிர்க்க முடியாததானால் சாய்வான வளைவாக வைக்கலாம். செங்கோணமாக மடக்கக் கூடாது. குழாயின் உச்சி கூரையின் முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக் காற்று கூரையில் மோதிக் கீழே இறங்கி, புகையை வீட்டுக்குள் திருப்பிவிடும். உச்சியில் மழைத் தொப்பி அவசியம். குழாயின் வாய்க்கும் தொப்பிக்கும் இடையே குறைந்தது குழாயின் விட்டத்தில் பாதி இடைவெளி இருக்கட்டும். பறவை புகாமல் அகலக் கண்ணுள்ள கம்பி வலை கட்டலாம். சிறு கண் வலை கரியால் அடைபட்டுவிடும்.

இணைப்புகளில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மேல்குழாயின் முனை கீழ்க்குழாயின் வாய்க்குள் இறங்க வேண்டும். அகன்ற வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் தார்நீர் குழாய்க்குள்ளேயே இறங்கும். தலைகீழாகப் பொருத்தினால் ஒவ்வொரு இணைப்பிலும் கறுப்பு நீர் வெளியே ஒழுகிச் சுவரைக் கெடுக்கும். அடுப்பை ஒட்டிய இணைப்புக்குச் சிமெண்டுக் கலவையைவிட, மணல் கலந்த களிமண்ணே நல்லது. சிமெண்டு சூட்டில் வெடித்துவிடும்.

செங்கல் கூண்டுக்குள் குழாய் வைக்கும்போது இரண்டையும் ஒட்டிப் பூசிவிடக் கூடாது. 10 அடி இரும்புக் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இடமில்லாவிட்டால் ஒன்று குழாய் கோணும், அல்லது சுவர் வெடிக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, அதில் நன்கு எரிந்து வெளுத்த, காய்ந்த உமிச் சாம்பலை உதிரியாக நிரப்பலாம். உமிச் சாம்பல் சூட்டை எளிதில் கடத்தாது. புகை சூடாகவே வெளியேறும், தார் படிவது குறையும், சுவரும் சுடாது. ஆரணி நெல் ஆலைகளில் இது கிடைப்பது அரிதல்ல. நிரப்பும்போது மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கூரை ஓலை அல்லது கீற்றானால் கூடுதல் ஜாக்கிரதை தேவை. குழாயைச் சுற்றி ஓர் அடியாவது கீற்றை விலக்கி, அந்த இடத்தில் தகடு பொருத்த வேண்டும். குழாயின் அடியில் சுத்தம் செய்ய ஒரு துவாரமும், அதற்கு இறுக்கமான மூடியும் வைக்க மறக்கக் கூடாது. துவாரம் இல்லாத புகைபோக்கி, கதவில்லாத களஞ்சியம் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உடைக்கத்தான் வேண்டும்.

சாயத் தொட்டியிலிருந்து எழும் நீராவியைப் புகைக்குழாயில் சேர்த்து விடுவதும் தவறு. ஆவி குழாயைக் குளிரச் செய்து தாரை வரவழைக்கும். ஆவிக்குக் கூரையில் தனிக் கூண்டு வைப்பதே முறை.

பழைய கல்நார் குழாய்

முன்பு வைத்த கல்நார் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் பல வீடுகளில் நிற்கின்றன. கல்நார் இழை மூச்சில் போனால் புற்றுநோய் வரும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த செய்தி. முழுதாக நிற்கும் குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அதை அறுப்பது, துளையிடுவது, கம்பியால் சுரண்டுவது, உடைத்து நொறுக்குவது ஆகியவைதான் ஆபத்து. அதிகச் சூட்டில் இந்தக் குழாய் வெடித்துத் தெறிக்கும் என்பதால் பெரிய சாய அடுப்புக்கு இது ஏற்றதும் அல்ல. விரிசல் விட்டால் நன்றாகத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். புதிதாக வைப்பவர்கள் சுட்ட களிமண் குழாய் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாயைத் தேர்ந்தெடுக்கலாம்.

சுத்தம் செய்யும் முறை

சமையல் அடுப்புக்கு மாதம் ஒரு முறையும், தினமும் எரியும் சாய அடுப்புக்கு வாரம் ஒரு முறையும் சுத்தம் செய்வது நல்லது. ஈர விறகு எரிக்க நேர்ந்தால் இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும்.

முதல் நாள் இரவே அடுப்பை அணைத்து, தணல் முழுதும் ஆறவிட வேண்டும். காலையில் நூல் கழிகள், பாவு, சரிகைக் கண்டு ஆகியவற்றை அறையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். தறியில் ஏற்றிய பாவு இருந்தால் துணி போட்டு மூடலாம். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் அடைத்துவிட வேண்டும். சுத்தம் செய்பவர் மூக்கையும் தலையையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம்.

நீளமான கயிற்றின் நடுவே தென்னை நாரை, குழாயின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உருண்டையாகக் கட்ட வேண்டும். கயிற்றின் ஒரு முனையைச் சிறு மணல் மூட்டையோடு உச்சியிலிருந்து இறக்கி, கீழே துவாரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக எட்டுப் பத்து முறை இழுத்தால் உதிரிக் கரி இறங்கிவிடும். ஓட்டுக் கூரையில் ஏறுபவர் ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏற வேண்டும். மழை நாளில் ஏறவே கூடாது. களிமண் குழாயில் சங்கிலியோ இரும்புக் குண்டோ விட்டால் குழாய் விரிசல் விடும். கல்நார் குழாயில் உலர்ந்த நாரால் தேய்க்காமல், ஈரத் துணி உருண்டையை மெதுவாக இழுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் கரியை எரித்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. குழாய்க்குள் தீப்பிடித்தால் கூரையும் சேர்ந்து போகும்.

இறங்கிய கரியை ஆற்றிலோ கால்வாயிலோ கொட்டாமல், குழி வெட்டிப் புதைக்க வேண்டும். சுத்தமான விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இருப்பதால் எருக்குழியில் சிறிதளவு சேர்க்கலாம். யூரியா, அமோனியம் சல்பேட் போன்ற உரங்களுடன் கலந்து போட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். குழாயிலிருந்து வந்த தார்க் கரியும், சாயப் பொருள் கலந்த சாம்பலும் வயலுக்கு ஆகாது.

சோதிக்கும் எளிய வழிகள்

வெயில் நேரத்தில் அடித் துவாரத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் நேர்க்குழாயின் உட்புறம் உச்சி வரை தெரியும். வெடிப்பு, பளபளப்பான தார், பறவைக் கூடு எல்லாம் கண்ணில் படும். அடுப்பு மூட்டும் முன் வாயருகே ஊதுவத்தி பிடித்துப் பார்க்கலாம். புகை உள்ளே இழுக்கப்பட்டால் வழி சரி. வெளியே தள்ளப்பட்டால் எங்கோ அடைப்பு. அடுப்பு எரியும்போது அதே ஊதுவத்தியை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோக வேண்டும். புகை இணைப்பை நோக்கி வளைந்தால் அங்கே ஓட்டை உண்டு என்று பொருள்.

சுவரில் பழுப்புக் கறை, மழைக்குப் பின் கரி நாற்றம், கை வைக்க முடியாத அளவு சுவர்ச் சூடு, பாத்திரங்களின் அடியில் வழக்கத்தைவிட அதிகக் கரி ஆகியவை உள்குழாய் கெட்டதற்கான அறிகுறிகள். சிறு விரிசலைக் களிமண்ணும் மணலும் கலந்து பூசிச் சரிசெய்யலாம். குழாய் நெடுக வெடிப்பு ஓடியிருந்தால் பூச்சு பயன்படாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

தீப்பிடித்தால்

குழாய்க்குள் இரைச்சல் கேட்டு, உச்சியில் தீப்பொறி பறந்தால் தார் பற்றிக்கொண்டது என்று அறியலாம். அடுப்பின் வாயையும் அடித் துவாரத்தையும் ஈரச் சாக்காலும் சேற்றாலும் உடனே அடைத்துக் காற்றை நிறுத்த வேண்டும். சுட்ட குழாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும். தண்ணீரைக் கூரை மேல்தான் தெளிக்க வேண்டும். ஆட்களை வெளியேற்றிவிட்டு 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். தீ அணைந்த பிறகு உள்குழாயை முழுவதும் சோதிக்காமல் மறுபடி அடுப்பு மூட்டக் கூடாது.

எந்த மாதம் எதைச் செய்வது?

சித்திரை, வைகாசியில் விறகை வெட்டிப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் இருக்கும்படி அடுக்கிவிட வேண்டும். மழைக்காலத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். ஆனியில், ஆடிக் காற்றுக்கு முன், குழாயின் பிடிகளையும் தொப்பியையும் இறுக்க வேண்டும். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன், கூரையும் குழாயும் சேரும் இடத்தை அடைத்துப் பூச வேண்டும். மழைத் தண்ணீர் கரியில் கலந்தால் உண்டாகும் அமில நீர்தான் குழாய்க்குப் பெரிய எதிரி. மார்கழிக் கடைசியில் போகிக்கு வீடு சுத்தம் செய்யும்போது உள்குழாயையும் முழுச் சோதனை செய்துவிடலாம்.

எரிவாயு வந்த வீடுகளில் பழைய புகைபோக்கியைக் கவனிப்பாரில்லை. ஆண்டுக்கு நாலு முறை விசேஷத்துக்கு மட்டும் விறகு அடுப்பு மூட்டும் வீட்டில்தான் பறவைக் கூடும் அடைப்பும் அதிகம் காணப்படும். உபயோகிக்காத குழாயின் உச்சியை மூடி வைப்பதும், மீண்டும் மூட்டும் முன் திறந்து சோதிப்பதும் நல்லது.

ஒரு கயிறு, ஒரு பிடி தென்னை நார், ஒரு கண்ணாடி, ஓர் ஊதுவத்தி ஆகியவையே இதற்கு வேண்டிய கருவிகள். நெசவாளர் குடும்பங்கள் தறிக்குப் பார்க்கும் அக்கறையில் சிறு பங்கை இந்தக் குழாய்க்கும் காட்டினால் விறகு மிச்சமாகும், பட்டு கறைபடாது, அடுப்படியில் நிற்பவரின் கண்ணும் மூச்சும் பிழைக்கும்.